இதய நோய்: கேட்ட செய்தியின் தடம் பார்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பொது நூலகத்தின் தகவல் மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான், மருத்துவன் அல்லன். இதய நோயைப் பற்றி விசாரிக்க அந்த மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் யாரோ சொன்ன ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளவே வந்தார்கள். கைபேசியை நீட்டி, "இது உண்மையா, ஐயா?" என்று கேட்பார்கள். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு செய்தி எங்கே பிறந்தது, யார் யார் கைமாறி வந்தது, வழியில் எதை இழந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது நூலகத்தாரின் வேலை. அதைக் கற்றுக்கொள்ள மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. பின்னோக்கி நடந்து போனால் மூலத்தைத் தொட முடிகிற தகவலையே நம்பத்தகுந்த தகவல் என்று இக்கட்டுரையில் சொல்கிறேன். சொன்னவர் எவ்வளவு பெரியவர் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

தேடத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'இதய நோய்' என்பது ஒரே நோயின் பெயரன்று. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்புப் படிந்து, அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை அடைப்பது மாரடைப்பு. சிறு வயதில் தொண்டையில் வந்த தொற்றுக்கு உடல் காட்டிய எதிர்வினை, ஆண்டுகள் கழித்து வால்வுகளைக் கெடுப்பது ருமாட்டிக் இதய நோய். இதயத் தசை தளர்ந்து போதிய அளவு ரத்தத்தை வெளியேற்ற முடியாமல் போவது இதயச் செயலிழப்பு. துடிப்பின் ஒழுங்கு குலைவது இன்னொரு வகை. பிறவியிலேயே கொலஸ்டிரால் மிகுந்திருக்கும் குடும்பங்களுக்கு வருவது மற்றொரு வகை, தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கானர் குடும்பங்களில் அது உலகச் சராசரியைவிட அதிகம். இவற்றுக்கான மருந்தும் எச்சரிக்கையும் வெவ்வேறு. ருமாட்டிக் இதய நோய் உள்ள பெண்ணுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி முக்கியமாக இருக்கும்போது, அவளுடைய தாயார் ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றிய காணொளிகளைப் பார்த்து நெய்யை நிறுத்திக்கொண்டிருந்தால், தகவல் சரியாக இருந்தும் பயன் இல்லை. ஆகவே மருத்துவர் சீட்டில் எழுதிய நோயின் பெயரை அப்படியே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் கையில் இருந்தால் பாதித் தேடல் முடிந்தது.

இந்நாட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள மருத்துவத் தகவல் பெரும்பாலும் ஆங்கிலத்திலும், அதற்கு அடுத்தபடியாகச் சுலு, ஆப்பிரிக்கான்ஸ் போன்ற மொழிகளிலும் கிடைக்கிறது. தமிழில் நமக்கு வந்து சேர்பவை சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்து வாட்ஸ்அப் வழியாகக் கடல் தாண்டியவை. அவற்றில் பல நல்லவை. ஆனால் அவற்றில் வரும் மருந்தின் வணிகப் பெயர் நம் மருந்துக்கடையில் இருக்காது, காப்பீட்டுத் திட்டம் இங்கே செல்லாது, ஆம்புலன்ஸ் எண் இங்கே ஒலிக்காது. வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறினாலும் மருந்தின் பொதுப்பெயர் பெரும்பாலும் மாறுவதில்லை: எனலாப்ரில், அம்லோடிபின், சிம்வாஸ்டாட்டின் ஆகியவை எங்கும் அவையே. எனவே மருந்தைப் பற்றித் தேடும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதைத் தேட வேண்டும்.

என் அக்காவின் கணவர் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறார். ரத்தக்குழாய் அடைபடாமல் விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துக்கொண்ட இரண்டாம் ஆண்டில், கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். 'ஸ்டாட்டின் தசையைத் தின்னும்' என்று தமிழில் கம்பீரமாகப் பேசிய ஒருவரின் காணொளிதான் காரணம். அத்தானுக்குக் கால் வலி இருந்தது உண்மை. காணொளியில் பேசியவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் என்பதும் உண்மை. "டாக்டரே சொல்லும்போது நான் என்ன செய்ய முடியும்?" என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடவே, இந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற இதய மருத்துவரின் கதையை அவரிடம் சொன்னேன்.

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் உள்ள க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். உலகில் அதுவே முதல் முறை. லூயி வாஷ்கான்ஸ்கி என்ற அந்த நோயாளி 18 நாள் உயிரோடிருந்து, நிமோனியாவால் இறந்தார். இதய அறுவையில் பர்னார்டின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை என்ற நிலை அன்று இருந்தது. அதே பர்னார்ட் 1980களில், முதுமையின் சுருக்கங்களைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட கிளைசெல் என்னும் விலையுயர்ந்த தோல் களிம்புக்குத் தம் பெயரைக் கொடுத்தார். அந்தக் களிம்பு அவருடைய நற்பெயரைத்தான் சுருக்கியது. அவருடைய கைத்திறமையில் இதனால் எள்ளளவும் குறைவில்லை. ஆனால் அந்தத் திறமை தோலுக்குச் செல்லுபடியாகவில்லை. நிபுணத்துவம் என்பது வேலி போட்ட நிலம் போன்றது. வேலிக்கு வெளியே அவரும் நம்மைப் போல் ஒரு வழிப்போக்கர்தான். காணொளியில் பேசும் டாக்டர் எந்தத் துறையில் பயிற்சி பெற்றவர், இப்போது பேசுவது அந்தத் துறையைப் பற்றித்தானா, பேச்சின் முடிவில் எதையாவது விற்கிறாரா என்று பார்ப்பது அவமரியாதை ஆகாது.

அடுத்தபடியாக, அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். சான்றுகளில் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை விளக்க, மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட ஹார்மோன் மாத்திரைகளின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவாக இருக்கிறது என்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல ஆய்வுகள் காட்டின. அந்த ஆய்வுகள் கவனமாகச் செய்யப்பட்டவைதான். ஆனால் யார் மாத்திரை எடுப்பது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கவில்லை, அந்தப் பெண்களே தீர்மானித்திருந்தார்கள். ஹார்மோன் எடுத்தவர்கள் பொதுவாக வசதியும் படிப்பும் உள்ளவர்களாக, புகைக்காதவர்களாக, மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர்களாக இருந்தார்கள். அவர்கள் இதயத்தைக் காத்தது மாத்திரையா, வாழ்க்கை வசதியா? இதை அறிய அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஹார்மோன் மாத்திரையும் மறு பிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் இரு பிரிவிலும் வசதியானவர்களும் வசதியற்றவர்களும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தார்கள். வேறுபட்டது மாத்திரை மட்டும். 2002ஆம் ஆண்டு அந்த ஆய்வு திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது, ஏனெனில் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் ஆகியவற்றோடு மாரடைப்பும் சற்று அதிகமாகவே வந்தது. ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு நம்பிய ஒன்று குலுக்கலுக்கு முன் நிற்கவில்லை.

ஆகவே 'ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள்' என்ற சொற்றொடரைக் கேட்டால், எந்த மாதிரி ஆய்வு என்று கேட்கப் பழகுங்கள். எலியிடம் செய்ததா, மனிதரிடமா? மனிதரிடம் என்றால், அவர்கள் போக்கில் விட்டுக் கவனித்ததா, குலுக்கிப் பிரித்துச் சோதித்ததா? ஒரே ஆய்வா, அல்லது அந்தக் கேள்வியைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் திரட்டி எடைபோட்ட தொகுப்பாய்வா? வலிமை இந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகிறது. உறவினர் ஒருவருக்குப் பூண்டு சாப்பிட்டுக் குணமானது என்பது இந்த வரிசையில் முதல் படிக்கும் கீழே, வாசலில் நிற்கிறது.

அதே ஹார்மோன் ஆய்வு எண்களைப் படிக்கவும் கற்றுத்தரும். மாரடைப்பு 29 விழுக்காடு அதிகரித்தது என்று நாளிதழ்கள் எழுதின. அது பொய்யன்று. ஆனால் ஆய்வின் அட்டவணையில் இருந்தது வேறு மாதிரி: வெற்று மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு இதயத் தமனி நோய் தாக்கியது; ஹார்மோன் எடுத்த 10,000 பேரில் 37 பேருக்கு. வேறுபாடு 10,000க்கு 7. ஒரே உண்மையைச் சொல்லும் இரண்டு வழிகள் இவை. ஒன்று நெஞ்சைப் பதற வைக்கிறது, மற்றது யோசிக்க இடம் கொடுக்கிறது. மருந்தின் நன்மையைப் பேசும் விளம்பரமும் இந்த முதல் வழியையே விரும்பும். 'பாதியாகக் குறைக்கும்' என்று படித்தால், எத்தனையில் பாதி என்று உடனே கேளுங்கள். நூற்றுக்கு 20 பேர் 10 ஆனாலும் பாதிதான். பத்தாயிரத்துக்கு 2 பேர் 1 ஆனாலும் பாதிதான். அந்த அடிப்படை எண்ணைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் தரும் கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

அத்தானின் கால் வலிக்குத் திரும்புவோம். ஸ்டாட்டினும் தசை வலியும் பற்றிய குலுக்கல் ஆய்வுகள் பலவற்றின் விவரங்களைத் திரட்டி 2022இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 விழுக்காட்டினர் தசை வலியோ தளர்ச்சியோ இருப்பதாகச் சொன்னார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 26.6 விழுக்காட்டினர். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்குக் கால் வலிப்பது மாத்திரையால் மட்டும் வருவதன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். 2020இல் பிரிட்டனில் இன்னொரு சோதனை செய்தார்கள். பக்கவிளைவுக்குப் பயந்து ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்குச் சில மாதங்கள் உண்மை மாத்திரையும், சில மாதங்கள் வெற்று மாத்திரையும், சில மாதங்கள் எதுவும் இல்லாமலும் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, ஸ்டாட்டினால் என்று அவர்கள் உணர்ந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரையின் மாதங்களிலும் இருந்தது. அவர்கள் நடித்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை; எதிர்பார்ப்பும் வலிக்கும். ஸ்டாட்டினால் தசை உண்மையாகவே பாதிக்கப்படுவதும் அரிதாக உண்டு, அதை ரத்தப் பரிசோதனையால் அறியலாம். இவை அனைத்தையும் அந்தக் காணொளிக்காரர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தடம் பார்ப்பதற்கு ஒரு முழு எடுத்துக்காட்டைத் தருகிறேன், ஏனெனில் இது ஆண்டுக்கு ஒருமுறையாவது நம் கைபேசிக்கு வருகிறது. தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் ஆழமாக மூச்சிழுத்துத் தொடர்ந்து பலமாக இருமிக்கொண்டே இருந்தால் உயிர் பிழைக்கலாம் என்ற செய்தி 1999 முதலே மின்னஞ்சலில் சுற்றியது; பிறகு வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்தது, தமிழிலும் பேசத் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ரோசெஸ்டர் பொது மருத்துவமனையின் பெயர் அதில் சான்றாகக் காட்டப்பட்டது. பின்னோக்கிப் போனால், அந்த மருத்துவமனையே தனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மறுத்திருப்பது தெரிகிறது. அமெரிக்க இதயச் சங்கமும் இதைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. இன்னும் பின்னே போனால் சிறு உண்மை ஒன்று கிடைக்கிறது: இதயக் குழாய்ச் சோதனை செய்யும் அறையில், துடிப்பைக் காட்டும் கருவி பொருத்தப்பட்டு, மருத்துவர் பக்கத்தில் நிற்கும்போது, துடிப்பு திடீரென்று குலைந்தால் நினைவு தப்பாமல் இருக்கச் சில நொடிகள் இருமச் சொல்வதுண்டு. அந்த அறையிலிருந்து கிளம்பிய செய்தி வழியில் கருவியையும் மருத்துவரையும் தொலைத்துவிட்டு, இருமலை மட்டும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. பெரும்பாலான பொய்ச் செய்திகள் முழுப் பொய்யாகப் பிறப்பதில்லை. சூழலை இழந்த உண்மைகளாகவே திரிகின்றன.

சில செய்திகள் சூழலை இழப்பதில்லை, காலத்தை இழக்கின்றன. இதய நோய் இல்லாதவர்களும் நாள்தோறும் சிறு அளவு ஆஸ்பிரின் எடுப்பது நல்லது என்று ஒரு காலத்தில் பரவலாகச் சொன்னார்கள். 2018இல் வெளியான மூன்று பெரிய குலுக்கல் ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. அவற்றில் ஒன்று 19,114 முதியவர்களிடம் நடந்தது. இதற்குமுன் இதய நோய் வராத முதியவர்களுக்குக் கிடைக்கும் நன்மையை ரத்தக்கசிவின் ஆபத்து விழுங்கிவிடுகிறது என்று தெரிந்தது. 60 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆகியோரின் நிலை முற்றிலும் வேறு. அவர்கள் ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. தேதி இல்லாத மருத்துவக் கட்டுரையைத் தேதி அழிந்த பால் பெட்டியைப் போலவே பார்க்க வேண்டும்.

சரி, எங்கே போய்த் தேடுவது? நான் முதலில் காட்டும் இடம் கோக்ரேன். 1993இல் தொடங்கிய இந்த அமைப்பு ஒவ்வொரு கேள்விக்கும் கிடைக்கும் குலுக்கல் ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிறது, மருந்து நிறுவனங்களிடம் அதற்குப் பணம் வாங்குவதில்லை. அதன் தென்னாப்பிரிக்கக் கிளை கேப் டவுனில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து இயங்குகிறது. ஒவ்வொரு தொகுப்பாய்வுக்கும் எளிய மொழிச் சுருக்கம் உண்டு. அவற்றில் ஒரு பகுதி தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது என்பது இங்குள்ள நம்மவர் பலருக்குத் தெரியாது. தமிழாக்கம் பழைய பதிப்பினுடையதா என்று தேதியை மட்டும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து, இந்நாட்டுச் சுகாதாரத் துறை வெளியிடும் நிலையான சிகிச்சை வழிகாட்டிகளும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலும். கிளினிக்கில் இருக்கும் செவிலியர் எதைப் பார்த்து மருந்து கொடுக்கிறாரோ, அதையே நீங்களும் இலவசமாகப் படிக்கலாம். 'அரசாங்கக் கிளினிக்கில் மலிவான மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்' என்று வருந்துகிறவர்கள் அதைப் புரட்டினால், கொடுத்தது பெரும்பாலும் வழிகாட்டியில் உள்ளதுதான் என்று கண்டுகொள்வார்கள். 1980இல் நிறுவப்பட்ட தென்னாப்பிரிக்க இதய, பக்கவாத அறக்கட்டளை பொதுமக்களுக்கென்றே எழுதுகிறது. தொடக்க நிலை வாசகர் அங்கிருந்து ஆரம்பிப்பது நல்லது. ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் படிப்பவர்கள் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழையும் ஆப்பிரிக்க இதய, ரத்தக்குழாய் இதழையும் பணம் கட்டாமல் படிக்கலாம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தேடலில் உலக ஆய்வுகளின் சுருக்கங்கள் கிடைக்கும். ஆனால் அது கடல், நீந்தத் தெரியாமல் முதல் நாளே இறங்க வேண்டாம்.

இதழின் பெயரைக் கண்டதும் கண்ணை மூடி நம்பவும் கூடாது. 2020 மே மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ், கோவிட் நோயாளிகளின் இதய நோயையும் அவர்கள் எடுத்த ரத்த அழுத்த மருந்துகளையும் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. அதற்கு அடிப்படையான மருத்துவமனைப் பதிவுகளைச் சுதந்திரமாகச் சரிபார்க்க முடியவில்லை என்று தெரிந்ததும் ஜூன் 4 அன்று அதைத் திரும்பப் பெற்றது. இதில் நான் காண்பது இதழின் இழுக்கை மட்டுமன்று. மற்ற ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள், விடை வரவில்லை, கட்டுரை பகிரங்கமாக விலக்கப்பட்டது. அந்தக் காணொளிக்காரர் எதையாவது என்றைக்காவது திரும்பப் பெற்றிருக்கிறாரா?

நிபுணர்களே மோதிக்கொள்ளும்போது என்ன செய்வது என்பதற்கு இந்நாட்டின் 'பாண்டிங்' உணவுச் சண்டை நல்ல பாடம். மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டி உண்ணும் அந்த முறையைக் கேப் டவுன் பேராசிரியர் டிம் நோக்ஸ் முன்வைத்தார். அவருடைய ஆய்வு வாழ்க்கை விளையாட்டு அறிவியலில் புகழ்பெற்றது. 2014இல் ஒரு தாய்க்கு ட்விட்டரில் அவர் சொன்ன பதிலுக்காக மருத்துவர்களைப் பதிவுசெய்யும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழிலோர் கழகத்தில் விசாரணை நடந்து, 2017இல் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. 2018இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. 'பார்த்தீர்களா, கொழுப்பு நல்லது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று ஒருவர் என் மேசைக்கு வந்தார். விசாரணை தீர்த்தது நடத்தை பற்றிய வழக்கை. உணவு பற்றிய கேள்விக்கு அங்கே விடை தேடக் கூடாது. அதற்கு விடை தேடியவர்கள் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தாரும் பிறரும். 2014இல் 19 குலுக்கல் ஆய்வுகளைத் திரட்டினார்கள்; அதில் பிழைகள் உண்டு என்று நோக்ஸ் தரப்பு அச்சில் எதிர்த்தது; 2022இல் கோக்ரேன் தொகுப்பாய்வாக 61 ஆய்வுகள், 6,925 பேர் என்று விரிந்தது. மாவுச்சத்தைக் குறைத்த உணவுக்கும் சமச்சீர் உணவுக்கும் இடையே, இரண்டாண்டு வரை, எடை இழப்பிலும் இதய ஆபத்துக் காரணிகளிலும் பெரும்பாலும் வேறுபாடு சிறிதே அல்லது இல்லை என்பதுதான் கிடைத்த விடை. இரு தரப்பு ஆர்வலருக்கும் இது சுவைக்கவில்லை. எனக்கு அதனாலேயே நம்பிக்கை கூடுகிறது.

இத்தனையும் சரியாக இருந்தாலும், அந்தச் சான்று யாருடைய உடம்பிலிருந்து வந்தது என்ற கேள்வி மிஞ்சுகிறது. மாரடைப்பு ஆபத்தைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் பல அட்டவணைகளுக்கு மூலம், 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்வு. அந்த ஊரார் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தினர். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக டர்பனுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தெற்காசிய வம்சத்தினரின் ஆபத்தை அது குறைத்துக் காட்டக்கூடும். நல்வாய்ப்பாக, நம்மைப் பற்றியே செய்த ஆய்வுகளும் உண்டு. டர்பன் இந்தியர்களிடம் இதயத் தமனி நோயின் ஆபத்துக் காரணிகளை ஒய். கே. சீடட்டும் குழுவினரும் ஆராய்ந்து 1990இல் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு புகைபிடித்தல், கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன் முதலான ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்புகளில் மிகப் பெரும்பகுதியை விளக்குகின்றன என்று காட்டியது. அதன் தொடர்ச்சியில், தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், மற்ற நாடுகளில் 58.8 வயதிலும் வந்ததாகக் கண்டார்கள். இது அந்நாடுகளில் வாழ்வோரின் கணக்கு. டர்பனில் பிறந்தவருக்கு ஒரு குறிப்பு மட்டுமே. ஆனால் 'இந்தியர் இரத்தம், தலைவிதி' என்று கையை விரிக்கிறவர்களுக்கு அந்த ஒன்பதில் பல மாற்றக்கூடியவை என்பதைக் காட்டுவேன்.

உடம்பைப் போலவே அடுக்களையும் வேறு. உப்பைக் குறைக்கச் சொல்லும் தமிழ்க் கட்டுரைகள் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று அடுக்கும். இங்கே நம் உப்பில் கணிசமான பங்கு ரொட்டியிலிருந்து வருகிறது. அதனால்தான் அரசு 2013இல் சட்டம் இயற்றி, 100 கிராம் ரொட்டியில் சோடியம் 2016 முதல் 400 மில்லிகிராமுக்கும் 2019 முதல் 380 மில்லிகிராமுக்கும் மேல் போகக் கூடாது என்றது. 700 கிராம் ரொட்டியில் கால் பங்கைக் குடைந்து மட்டன் கறி ஊற்றிய பன்னி சௌ என்னும் நம் டர்பன் உணவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ரொட்டி மட்டும் 175 கிராம், சட்ட வரம்பிலேயே இருந்தாலும் சோடியம் 665 மில்லிகிராம், உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1.7 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 5 கிராமில் மூன்றில் ஒரு பங்கு, கறியில் கரண்டி படுவதற்கு முன்பே போய்விட்டது. சென்னைக் கட்டுரை தவறில்லை. அதற்கு நம் பன்னி சௌ தெரியாது, அவ்வளவுதான்.

நூலிலிருந்து ஆளுக்கு வருவோம். ஒருவர் உண்மையில் இதய மருத்துவர்தானா என்று அறிய, தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழிலோர் கழகத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடலாம்; கட்டணம் இல்லை. பதிவு நடப்பில் இருக்கிறதா, எந்தச் சிறப்புத் துறை என்பவை அதில் தெரியும். இங்கே பொது மருத்துவர் வேறு, 'ஃபிசிஷியன்' எனப்படும் உள்மருத்துவ நிபுணர் வேறு, இதய மருத்துவர் வேறு, நெஞ்சறுவை நிபுணர் வேறு. ஆயுர்வேதம், ஹோமியோபதி போன்ற முறைகளுக்குத் தனிக் கழகமும் தனிப் பதிவேடும் இருக்கின்றன. அவற்றில் பெயர் இருந்தால் அம்முறையில் தகுதி உண்டு என்று பொருள், இதய நோய்க்கு அந்த மருந்து வேலை செய்யும் என்று பொருளாகாது. அரசு மருத்துவத்தில் நிபுணரை நேரே போய்ப் பார்க்க முடியாது. கிளினிக்கிலிருந்து ஆர். கே. கான் போன்ற மருத்துவமனைக்கும், அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு காட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்கும் போக வேண்டும். கடிதத்தின் நகல் ஒன்றை எப்போதும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தானை மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போனபோது அந்தக் காணொளியைக் காட்ட வேண்டாம் என்றேன். மருத்துவருக்கு இருப்பது கால் மணி நேரம், அதைக் காணொளி தின்றுவிடும். தாளில் மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டோம். மாத்திரையை எடுத்தால், எடுக்காவிட்டால், என்னைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு மறுபடி மாரடைப்பு வரும்? இந்தக் கால் வலி மாத்திரையால்தானா என்று எப்படிக் கண்டறிவது? மாத்திரையாலேதான் என்றால் வேறு எது உண்டு? அக்காவும் கூடவே இருந்து விடைகளை எழுதிக்கொண்டாள், ஏனெனில் மருத்துவர் சொல்வதில் பாதி வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துபோகும். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. வேறொரு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் தொடங்கினார்கள்.

இக்கட்டுரை சொல்லும் எந்தத் தேடலும் உதவாத நேரம் ஒன்று உண்டு. நெஞ்சில் பாரம் ஏறி உட்கார்ந்தது போன்ற வலி, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவை வந்தால் கைபேசியில் தேடக் கூடாது, அழைக்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி இல்லாமல் மூச்சுத்திணறலும் குமட்டலும் மட்டுமே வருவதுண்டு. தமிழ்க் காணொளிகள் சொல்லும் 108 தமிழ்நாட்டு எண். இங்கே அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.